மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தொல்லைகளை எப்படிப் புரிந்துகொண்டு சமாளிப்பது?

“47 வயதாகிறது, நாள் தள்ளித் தள்ளி வருகிறது, வந்தால் பத்து நாள் நிற்காமல் போகிறது, நிற்கிற வயசில் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள்” என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதே பேச்சை என் மாமியாரிடமும் அக்காவிடமும் உடன் பணிபுரிந்த ஆசிரியைகளிடமும் கேட்டு, நம்பி, இரண்டு ஆண்டுகளை வீணடித்தவள் நான்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலும், மேலைநாட்டுப் பெண்களுக்கு 51 வயதிலும் இது நிகழ்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில்தான் பாடு அதிகம். கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோ ஏறியும் இறங்கியும் சுரந்துகொண்டே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்படலத்தைத் தடிக்கச் செய்வது. அதை அடக்கி வைத்து, உரிய நாளில் உதிரச் செய்வது புரோஜெஸ்ட்டிரோன். அடக்குவதற்கு ஆளில்லாத படலம் தடித்துக்கொண்டே போய், ஏதோ ஒரு நாளில் தாறுமாறாக உதிர்கிறது. நம் பாட்டிமார் பெரும்பாடு என்று சொன்னதில் இதுவும் சேர்த்தி. ஆகவே நாள் முன்பின்னாவது இயல்புதான். ஆனால் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கைக் கருப்பையில் வளரும் நார்த்திசுக் கட்டியும், தைராய்டு குறைபாடும், சில வேளைகளில் புற்றுநோயும் தரக்கூடும் என்பதால், பார்க்காமலே வயதின் தலையில் கட்டிவிட முடியாது.

நான் கட்டினேன். 46 வயது முதல், போக்கு வரும் நாள்களில் அடர்நிறப் புடவையாகத் தேடி உடுத்தி, இரண்டு நாப்கின்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தேன். பள்ளியின் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதையும் வயதுக் கணக்கிலேயே எழுதினேன். ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்த பிறகு ரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. முதலில் போன மருத்துவமனையில், ஸ்கேன்கூட எடுக்காமல், பத்து நிமிடத்தில், “பிள்ளை பெற்று முடித்தாயிற்றே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்” என்றார்கள். தேவையின்றிக் கருப்பையை அகற்றுவதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023இல் உத்தரவிட்டது என்றால், இந்த அறிவுரை எத்தனை பெண்களுக்குக் கிடைத்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் தைராய்டு சோதித்தார், ஸ்கேன் எடுத்தார், உள்படலத்திலிருந்து சிறிது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை. சில மாதங்கள் புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்; அரையாண்டில் ஹீமோகுளோபின் 11.6க்கு வந்தது. அறுவை சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதுவே சரியான வழி. ஆனால் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்தால், ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைய வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிந்துவிடும்.

எனக்குக் கடைசியாக வந்தது 49 வயதில். அதன் பிறகுதான் அந்தச் சூடு. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறி, வேர்த்துக் கொட்டி, சற்று நேரத்தில் குளிரும். இரவில் தலையணை நனையும். உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமும் சொன்னார்கள். இளநீர் குடிக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். மூளையில் உடல்வெப்பத்தைக் காக்கும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், அற்ப வெப்ப மாற்றத்தையும் பெரிதாக எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார்.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை என்றதும் எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு: 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது; இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் கண்டது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பது அச்சத்தோடு சேர்ந்து பரவவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற பத்தாண்டுக்குள் தொடங்கும் நலமான பெண்களுக்குப் பொதுவாகத் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து. நான் இரண்டு ஆண்டுகள் எடுத்தேன். சூடும் இரவு வியர்வையும் பெருமளவு அடங்கின. மார்பகப் புற்றுநோய் வந்து மீண்ட என் தோழிக்கு இதே சிகிச்சையைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள், சரியாகவே.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் வலுவிழக்கும் என்பதால் அதைப் பற்றி ஒரு வார்த்தை: நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது. மீதிக்குப் பால், தயிர், எள், கீரை. நடையையும் விடாதீர்கள்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று பிறப்புறுப்பின் வறட்சி. எரிச்சலும், அடிக்கடி சிறுநீர்த் தொற்றும், தாம்பத்தியத்தில் வலியும் அதனால் வரும். சூடாவது நாளடைவில் தானாக அடங்கும்; இது அப்படி அடங்குவதுமில்லை. எனக்கு 54 வயதில், நின்று ஐந்து ஆண்டுகள் கழித்து, உள்ளாடையில் ஒரு துளி ரத்தம் பட்டிருந்தது. அக்காவிடம் கேட்கவில்லை. நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் காட்டிவிட வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் மறுநாளே போனேன். ஸ்கேனில் உள்படலம் 3 மில்லிமீட்டர்தான் இருந்தது. 4க்கு மேல் இருந்திருந்தால் மீண்டும் படலத்திலிருந்து சிறிது எடுத்துச் சோதித்திருப்பார்கள். வறட்சியால் வந்த சிறு கீறல் என்று, அந்த இடத்தில் மட்டும் தடவ ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதிக் கொடுத்தார்.