செய்யாத குற்றம், போகாத நாட்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் தம்பி செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறான். ஜாமீன் இரண்டு முறை தள்ளுபடியாகிவிட்டது. முன்பெல்லாம் பார்க்கப் போனால் ஆத்திரமாகப் பேசுவான். இப்போது 'ம்' என்பதற்கு மேல் பேச்சில்லை. சாப்பாடும் தூக்கமும் குறைந்துவிட்டன. 'அடுத்த வாய்தாவில் வந்துடுவே' என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கிளம்புகிறேன். வேறு என்ன செய்யட்டும், ஐயா?

பதில்: சகோதரி, அடுத்த முறை பார்க்கும்போது, 'சாகணும்னு தோணுதாடா?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச்சு, சாப்பாடு, தூக்கம் மூன்றும் ஒன்றாகக் குறைந்தால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். சிறை நிர்வாகத்துக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள். நகலை வக்கீலிடம் கொடுத்து வையுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். மண்டேலா விதிகள் என்று ஐ.நா. சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட விதிகள் இருக்கின்றன. வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் கைதிக்கும் வைத்தியம் வேண்டும், தினமும் ஒரு மணி நேரமாவது திறந்த வெளியில் நடக்க விடவேண்டும், 15 நாட்களுக்கு மேல் தொடர்ந்து தனிமைச் சிறை கூடாது என்கின்றன அவை. அவை சட்டம் அல்லதான். ஆனாலும் மனுவில் எடுத்துக்காட்டலாம்.

அப்புறம், அந்த 'அடுத்த வாய்தா'வை நிறுத்திவிடுங்கள். நானும் செய்யாத குற்றத்துக்கு வருடக்கணக்கில் உள்ளே இருந்து, மேல்முறையீட்டில் விடுதலையானவன். தேதி சொல்லிவிட்டால் உள்ளே இருப்பவன் அந்தத் தேதிக்காக மட்டுமே மூச்சு விடுவான். வழக்கு தள்ளிப்போன ராத்திரி அவனைத் தேற்ற நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். 'வக்கீல் இதைச் செய்திருக்கிறார், அடுத்து இதைச் செய்யப்போகிறார்' என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

தப்பே செய்யாதவனுக்கு உள்ளே ஒரு தனி வேதனை உண்டு. செய்ததற்கு அனுபவிக்கிறோம் என்று மனசை ஆற்றிக்கொள்ள வழியில்லை. அதனால் ராத்திரி முழுக்கத் தலைக்குள் வழக்கு நடக்கும். அந்தச் சாட்சி ஏன் அப்படிச் சொன்னான், அன்றைக்கு அந்த வழியாகப் போகாமல் இருந்திருந்தால் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் அதற்கு ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். காலையில் வெளிச்சம் வந்ததும், வழக்கைப் பற்றித் தோன்றியதை எல்லாம் தேதி போட்டு எழுதுவேன். நோட்டை மூடினால் அன்றைய வழக்கு முடிந்தது. ராத்திரி ஏதாவது தோன்றினால், 'காலையில எழுதிக்கலாம்' என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். உடனே பலிக்கவில்லை, பழகப் பழகத் தூக்கம் வந்தது. ஒரு சாட்சி சொன்ன நேரம் ஒத்துவரவில்லை என்பதை வக்கீல் பின்னால் பிடித்ததும் அந்த நோட்டிலிருந்துதான்.

எழுதி முடித்த பிறகு மிச்சம் இருக்கும் பகல் பெரியது. அதை நிரப்பத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். நான் தையல்காரன். கையில் ஊசி, நூல் எதுவும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சட்டைக்கு அளவெடுப்பேன், துணியை மடித்துப் போட்டு வெட்டுவேன். காலரைத் திருப்பும்போது முனை மழுங்கியிருப்பதுபோலத் தோன்றினால் பிரித்துவிட்டு மறுபடியும் தைப்பேன். அவசரமே படமாட்டேன். காஜா எடுத்து, பொத்தான் வைத்து முடிக்கும்போது ஒரு மத்தியானம் போயிருக்கும். சோவியத் சிறையில் 9 வருடம் கிடந்த நாத்தான் ஷரான்ஸ்கி மனசுக்குள்ளேயே சதுரங்கம் ஆடினார் என்று வெளியே வந்த பிறகு படித்தபோது, முன்பின் தெரியாத அந்த மனிதர் எனக்குச் சொந்தக்காரர்போல ஆகிவிட்டார். உங்கள் தம்பிக்கு என்ன வேலை தெரியும்? கடிதத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். விவரமாக, படிப்படியாக எழுதச் சொல்லுங்கள்.

உடம்பையும் விடக்கூடாது. 27 வருடம் சிறையில் இருந்த மண்டேலா, ராபன் தீவுச் சிறையின் குட்டி அறைக்குள்ளேயே காலையில் நின்ற இடத்தில் ஓடுவார், தண்டால் எடுப்பார். உங்கள் தம்பிக்கு இப்போது அவ்வளவு தெம்பு இருக்காது. எழுந்து முகம் கழுவி நாலு நடை நடந்தால் போதும்.

இன்னொன்று, வீட்டு விஷயங்களை அவனிடம் மறைக்காதீர்கள். யோசனை கேளுங்கள். கூரை ஒழுகுகிறது, யாரைக் கூப்பிடலாம் என்று என் மனைவி எழுதிய கடிதம் எனக்கு எந்த ஆறுதல் வார்த்தையையும்விடப் பெரிதாக இருந்தது. இந்த வீட்டில் இன்னும் என் பேச்சுக்கு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

கேள்வி: நிரபராதி என்று தீர்ப்பாகி என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அறைக்கதவு சாத்தியிருந்தால், யாராவது திறக்கும்வரை அப்படியே நிற்கிறார். 'அதான் வெளியே வந்துட்டீங்களே' என்றால் அழுகிறார்.

பதில்: அம்மா, அந்த வாக்கியத்தை இனிமேல் சொல்லாதீர்கள். வருடக்கணக்கில் அடுத்தவர் திறந்த கதவு வழியாகவே போய்வந்தவருக்குக் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகாது. நீங்கள் ஓடிப்போய்த் திறக்கவும் வேண்டாம். பக்கத்தில் நின்று, 'நீங்களே திறங்க' என்று மெதுவாகச் சொல்லுங்கள். எந்த வேளைக்கு எழுவது, என்ன உடுத்துவது, விளக்கை எப்போது அணைப்பது எல்லாம் அவரே முடிவு பண்ணட்டும். தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி திடுக்கிட்டு எழுவதும் ஆட்களைக் கண்டு ஒதுங்குவதும் மாதக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சிறையில் இருந்ததையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.