ஈயின் பெயரும் ஒருநாள் பயிற்சியும்

அன்புள்ள ஐயா,

அணைக்கட்டு ஒன்றியத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். அடுத்த மாதம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொதுவான எங்கள் குறுவள மையத்தில் ‘இலக்கியம், பண்பாடு வழியாக ஆங்கிலம்’ என்று ஒருநாள் பயிற்சி நடக்கிறது. முப்பது ஆசிரியர்கள் வருகிறார்கள். பயிற்சியை நடத்தும் கருத்தாளராக என்னைப் போட்டுவிட்டார்கள். காலையில் ஆங்கில இலக்கிய வரலாறு, மதியம் ஆங்கிலேயர் பண்பாடு என்று 64 ஸ்லைடு தயார் செய்து வைத்திருக்கிறேன். என்னென்ன புத்தகங்களைப் பரிந்துரைக்கலாம்? பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் மழையை விரட்டும் பாட்டைச் சொல்லித் தரலாமா? ஆங்கில வகுப்பில் தமிழே வரக்கூடாது என்கிறார்கள், அது நடக்கிற காரியமா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த 64 ஸ்லைடையும் அழித்துவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி உட்கார்ந்து செய்திருப்பீர்கள், தெரிகிறது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்னால் நிற்கப்போகும் ஆசிரியருக்கு ஆங்கில இலக்கிய வரலாறு எதற்கு? அவருக்கு வேண்டியது ஒரு கதை. அதைத் தாளைப் பார்க்காமல், தடுமாறாமல், ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தால் போதும்.

மழைப் பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிடித்தால் பாடுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். அதனால் பாலாற்றில் தண்ணீர் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. புத்தகத்துக்கும் அலைய வேண்டாம். ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் நான்கு வாசிப்பு நிலைகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். துலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள் இருந்தால் கொண்டுபோங்கள். அவ்வளவுதான்.

பேச வேண்டியது வேறு. 1950-களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் ஏறத்தாழ 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெருந்திட்டம் தொடங்கினார்கள். ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயர். சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. இன்றைக்கு மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டாரம், அங்கிருந்து குறுவள மையம் என்று இறங்கி வருவதும் அதே ஏற்பாடுதான். இதில் தாளில் இருப்பது பத்திரமாகக் கீழே வந்துவிடும். குரலில் இருப்பது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துபோகும். அழுத்தம், இடைவெளி, எந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளைப் பார்ப்பது, இதெல்லாம் கையேட்டில் ஏறாது. கடைசிப் படியில் இருப்பவர் நீங்கள். உங்கள் அறையில் முப்பது பேரும் வாய் திறக்காவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் பின் ஒருவராக முன்னால் வந்து நான்கு நிமிடம் பேசினால் இரண்டு மணி நேரம் போய்விடும். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது நான்கே நிமிடம், மீதி நேரம் வேடிக்கை. மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம், ஒரு மணி நேரத்தில் நான்கு சுற்று. ஆளுக்கு இருபது நிமிடம் ஆங்கிலம் பேசியிருப்பார்கள். கூச்சமும் குறையும். பத்துக் குழு ஒரே நேரத்தில் பேசினால் யார் தப்பு யார் காதில் விழப்போகிறது?

கதைக்கு எங்கும் போக வேண்டாம். ‘கொழு கொழு கன்றே, கன்றின் தாயே’ என்று ஈ தன் பெயரை மறந்து ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு போகுமே, அதை எடுங்கள். காட்பாடிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்கும் அந்தக் கதை தெரிந்திருக்கும். முழுச் சங்கிலியில் குயவன், சட்டி, வலையன் என்று பதினான்கு பேர். அத்தனையும் வேண்டாம். பசு, மரம், குளம், மீன், புல், குதிரை என்று ஆறு பேர் போதும். பசு மரத்தடியில் நிற்கிறது, மரம் குளக்கரையில், குளத்தில் மீன், கரையில் புல், புல் மேய்கிறது குதிரை. சங்கிலி அறாது, ஆறு பேரையும் கரும்பலகையில் கோட்டுப்படமாகவும் போட்டுவிடலாம்.

பேச்சு மூன்றே வரி. ‘வாட்ஸ் மை நேம்?’ ‘ஐ டோன்ட் நோ.’ ‘ஆஸ்க் த ட்ரீ.’ பசுவில் தொடங்கிப் புல் வரைக்கும் ஐந்து முறை இதே பேச்சு வரும், ஆளின் பெயர் மட்டும் மாறும். ஒரே வரியை ஐந்து முறை அலுக்காமல் சொல்ல வைப்பது கதையால்தான் முடியும். பயிற்சி ஏட்டால் ஆகாது.

இங்கேதான் நம் ஆசிரியர்கள் வழுக்குவார்கள். எல்லா அசையையும் ஒரே எடையில் இழுத்து ‘வாட்டு இஸ்ஸு மை நேமு’ என்று ராகம் போடுவார்கள், பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் எடை எல்லா இடத்திலும் விழாது. ‘வாட்ஸ்’ என்னும்போது ஒரு தட்டு, ‘நேம்’ என்னும்போது ஒரு தட்டு, நடுவில் ‘மை’ அவசரமாக ஓடிவிட வேண்டும். ‘ஆஸ்க்’ ஒன்று, ‘ட்ரீ’ ஒன்று, ‘த’ கண்ணுக்கே தெரியக் கூடாது. கைதட்டிச் சொல்லச் சொல்லுங்கள். தட்டு தப்பினால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். மற்ற உச்சரிப்புகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள். வேலூர், பேர்ணாம்பட்டுப் பள்ளிகளில் உருது பேசும் பிள்ளைகள் இருந்தால் எஃப், இஸட் ஒலிகளுக்கு அவர்களே வாத்தியார்.

அடுத்தது தமிழ். வரலாம், வரவும் வேண்டும். உங்கள் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடக்கும்போது கூத்து பார்த்திருப்பீர்கள். திரைக்குப் பின்னால் ராஜா நிற்பார், கோமாளியான கட்டியங்காரன் யார் நீ என்று கேட்பான். ராஜா விருத்தத்தில் பாடுவதை அவன் பேச்சுத் தமிழில் இறக்கி, கேலி பண்ணி, மறுபடி ராஜாவிடமே திருப்பி விடுவான். விருத்தம் புரியாத கிழவியும் விடியவிடிய உட்கார்ந்திருப்பது இவனால்தான். ஆங்கில வகுப்பில் ஆசிரியருக்கு இந்த வேடம். ஆனால் ராஜா பாடி முடிக்கும் முன்பே கட்டியங்காரன் குறுக்கே விழுந்தால் கூத்து கெட்டது. ‘கௌ என்றால் பசு, ட்ரீ என்றால் மரம்’ என்று சொல்லுக்குச் சொல் நிறுத்துகிறார்களே, அது அந்தக் கேடுதான். கதை தொடங்கும் முன் தமிழில் நான்கு வரியில் சுருக்கம், பிறகு முழுக் கதையும் நிறுத்தாமல் ஆங்கிலத்தில். எங்காவது முகம் சுருங்கினால் அந்த வரியை ஆங்கிலத்தில், தமிழில், மறுபடி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். வேல்ஸில் சி. ஜே. டாட்சன் என்ற மொழிக்கல்வி அறிஞர் 1960-களில் இருமொழி முறை என்று இதற்கு ஒழுங்கு வகுத்தார். அதிகாரி யாராவது கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், கட்டியங்காரனைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கதையின் முடிவில் கவனம். குதிரை ‘ஈஈ’ என்று கனைக்கிற கனைப்பில்தான் ஈக்குத் தன் பெயர் ஞாபகம் வரும். அது தமிழில்தான் செல்லும். மாற்றாதீர்கள். ஈ தமிழிலேயே ‘ஈ!’ என்று கத்தட்டும், பிறகு ‘யெஸ், ஐ ஆம் எ ஃப்ளை’ என்று சொல்லட்டும்.

வகுப்புக்கு ஒரு வாரம் ஒதுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் கேட்பது மட்டும். இரண்டாம் நாள் பிள்ளைகள் மூன்று வரியையும் கூடச் சொல்வார்கள். மூன்றாம் நாள் ஆசிரியர் வேண்டுமென்றே தப்பு விட வேண்டும்: பசு மரத்தைக் கேட்கச் சொல்லும் இடத்தில் ‘ஆஸ்க் த ஃபிஷ்’ என்றால் வகுப்பே எழுந்து திருத்தும். நான்காம் நாள் நடிப்பு, ஐந்தாம் நாள்தான் சார்ட்டைப் பார்த்துப் படிப்பது. எழுத்து அடுத்த வாரம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்த வகுப்பு என்றால் அரும்புப் பிள்ளை அந்த மூன்று வரியோடு நிற்கட்டும், மொட்டு படத்தையும் சொல்லட்டையையும் சேர்க்கட்டும், மலர் பசுவை எடுத்துவிட்டு ஆட்டையோ எருமையையோ போட்டுக் கதையை மாற்றிச் சொல்லட்டும். முதல் நாளே ஸ்பெல்லிங் கேட்டால் தொலைந்தது. கதையைக் கேள்வி பதிலாக்கி நோட்டில் எழுதிப்போடும் வழக்கத்தை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. கதையைக் கொன்றுவிட்டு, பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை என்று புலம்புகிறோம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும், நடிப்பை அங்கே வையுங்கள். போன்களை ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் படம் வருமென்ற பயம் இருந்தால் எந்த ஆசிரியரும் கனைக்க மாட்டார். பார்வையிட வரும் அதிகாரியை நாற்காலி போட்டு உட்கார வைக்காதீர்கள், அவருக்கும் ஒரு வேடம் கொடுங்கள். புல் போதும். ‘ஐ டோன்ட் நோ, ஆஸ்க் த ஹார்ஸ்.’ சொல்லிவிடுவார்.