ஸ்கேன் அறையில் ஆங்கில போர்டு மட்டும் போதுமா?

வணக்கம் டாக்டர். மதுரையில் மகப்பேறு கிளினிக் திறக்கிறீர்கள், ஸ்கேன் அறைக்குள் ஆங்கிலத்தில் ஒரு போர்டு மாட்டியாயிற்று, போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் சொல்வதும் சட்டப்படி தடை என்ற அறிவிப்பு, கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டத்தின் (PCPNDT) விதிகளின்படி, ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் பளிச்சென்று தெரிய வேண்டும். தமிழ் போர்டுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எங்கள் கிளினிக்கில் போர்டு சரியாகத்தான் இருந்தது. யாரோ அதே ஆணியில் மருந்துக் கம்பெனி காலண்டரை மாட்டிவிட, தமிழ் வரி பாதி மறைந்துபோனது. நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். வீட்டார் நெருக்கடியோடு வந்து வாய் திறக்க முடியாமல் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு வரிதான் துணை.

அதே சட்டப்படி கிளினிக்குக்குத் தரப்படும் பதிவுச் சான்றிதழ் ஃபைலுக்குள் கிடக்கக் கூடாது, ஃபிரேம் போட்டு மாட்டுங்கள். சட்டமும் விதிகளும் ஒரு பிரதி வரவேற்பு மேசையில் இருக்கட்டும். யார் கேட்டாலும் படிக்கக் கொடுக்க வேண்டும். அப்புறம், உங்கள் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் கிளினிக்கில் தெரியும்படி இருக்கட்டும். வாசலில் புகைபிடிக்கத் தடை போர்டு, குறைந்தது 60-க்கு 30 செ.மீ., புகாரை யாரிடம் சொல்வது என்ற பெயரோடு.