ஒற்றை ஓ, இரட்டை ஓ

கேள்வி: தொலைப்பது, தோற்பது என்ற பொருளில் வரும் 'லூஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும், நாம் 'லூசு' என்று திட்டுவதற்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: உண்டு, ஆனால் தூரத்து உறவு. ஒரு 'ஓ' போட்டு எழுதினால் இழப்பது. இரண்டு 'ஓ' போட்டால் தளர்ந்தது, கழன்றது. நம்ம ஊர் 'லூசு' இரட்டை ஓ. புத்தி பிசகியவருக்குத் திருகாணி கழன்றுவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நாம் 'மரை கழண்டவன்' என்கிறோம்.

இரட்டை ஓ, ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஒற்றை ஓ, பழைய ஆங்கிலத்தின் 'லோசியன்'. அதற்கு முதலில் இருந்த பொருள் அழிந்துபோதல், காணாமற்போதல். அதாவது பண்டம் தானே போகும். மனிதர் ஒன்றை இழப்பது என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆட்டத்தில் தோற்பது அதற்கும் பின்னால். இரண்டு சொல்லுக்கும் ஆதி வேர் ஒன்றே: அவிழ்த்தல், பிரித்தல். 'ஹோம்லெஸ்', 'யூஸ்லெஸ்' என்பவற்றின் வால் 'லெஸ்' கூட இந்த வேரில் கிளைத்ததுதான். 'குறைவு' என்று பொருள்படும் 'லெஸ்' வேறு சொல். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் பலர்.

தமிழிலும் இப்படி ஒரு நகர்வு உண்டு. மதுரைக்குப் புறப்படுமுன் கோவலன் 'வான்பொருட் குன்றம் தொலைத்த' வறுமையைச் சொல்லி நாணுகிறான். அங்கே 'தொலைத்தல்' கைதவறி விடுவதில்லை, ஒன்றுமில்லாமல் அழித்துத் தீர்ப்பது. இன்று சாவியைத் தொலைக்கிறோம்.

கேள்வி: தன்னந்தனியாய், கைவிடப்பட்ட என்று பொருள்படும் 'ஃபர்லார்ன்' இதே குடும்பமா? அதில் 'ர்' எப்படி வந்தது? (ஆசிரியை, மேலூர்)

பதில்: இதே குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் சில வினைகளின் நிகழ்காலத்தில் 'ஸ்' இருந்தால், இறந்தகால வடிவங்கள் சிலவற்றில் 'ர்' வரும். 'ஃபர்லார்ன்' அப்படி ஒரு வடிவம். 'இருந்தது', 'இருந்தன' என்று பொருள்படும் ஆங்கில 'வாஸ்', 'வேர்' ஜோடியில் அந்த மாற்றம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனில் இழப்பதற்கு 'ஃபெர்லீரன்' என்பார்கள். அங்கே 'ர்' வினை முழுக்கப் பரவிவிட்டது.

கேள்வி: பாஸ்புக் தொலைந்துவிட்டது. வங்கிக்கு ஆங்கிலத்தில் எழுத 'மிஸ்ட்' சரியா, 'லாஸ்' சரியா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: இரண்டும் இல்லை. 'ஐ மிஸ்ட் மை பாஸ்புக்' என்றால் பாஸ்புக்கைப் பிரிந்து ஏங்கினீர்கள் என்றாகும். நம் பக்கத்தில் மிகுதியாகக் காணும் பிழை இது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை பாஸ்புக்' என்று எழுதுங்கள். 'மை பாஸ்புக் இஸ் மிஸ்ஸிங்' என்பதும் சரி. ஏனென்றால் அங்கே காணாமல் இருப்பது புத்தகம். கூடவே கணக்கு எண், தொலைந்த தேதி, இடம் (மாட்டுத்தாவணியிலிருந்து வரும் பஸ்ஸில் என்றால் அதையே) குறிப்பிடுங்கள்.

இரண்டு 'எஸ்' போட்டு முடியும் 'லாஸ்' பெயர்ச்சொல்: இழப்பு, நஷ்டம். 'ஐ லாஸ்' என்று அதை வினையாக்க முடியாது. சம்பளப் பட்டியலில் 'லாஸ் ஆஃப் பே' வருகிறதே, அங்கேதான் அதற்கு இடம். 'லாஸ்ட்' ஏற்கெனவே இறந்தகாலம். அதன்மேல் இன்னொரு 'எட்' வைத்து 'லாஸ்டட்' ஆக்கிவிடாதீர்கள்.

கேள்வி: கபடியில் எங்கள் அணி திண்டுக்கல் அணியிடம் தோற்றது. 'இடம்' என்பதற்கு 'ஃப்ரம்' போடலாமா? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: கூடாது. 'லாஸ்ட் டு'. எத்தனை புள்ளியில் தோற்றீர்கள் என்பதற்கு 'பை'.

கேள்வி: இரண்டு 'லூஸ்'களையும் வாயால் எப்படிப் பிரித்துக் காட்டுவது? (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: உயிர் இரண்டிலும் 'ஊ' தான், வேறுபாடு கடைசி ஒலியில். தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். இரட்டை ஓவின் முடிவு 'பஸ்' என்பதில் வரும் 'ஸ்', தொண்டை அதிராது. ஒற்றை ஓவின் முடிவு தேனீயின் ரீங்காரம் போன்றது, அதிர்வு விரலில் தெரியும். தமிழ் எழுத்தில் அந்த ஒலி இல்லாததால்தான் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். 'ரோஸ்', 'நோஸ்' எழுத்தைப் பார்த்து 'லோஸ்' என்று படிப்பவர்களும் உண்டு. சொல்லின் வரலாற்றுப்படி அப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும். இரட்டை ஓவின் உச்சரிப்பு இதில் ஒட்டிக்கொண்டது என்பது ஒரு விளக்கம். எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.