ஒரு நாள் வகுப்பை அப்படியே ஜூமுக்கு மாற்றாதீர்கள்

வணக்கம். கடை விற்பனையாளர்களுக்கு நேரில் கலகலப்பாக நடந்த ஒரு நாள் பயிற்சி, ஜூமில் 24 பேரும் கேமராவை அணைத்துவிட்டு மௌனமாகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசும் வேதனை எனக்கும் தெரியும்.

அந்த ஒரு நாள் பயிற்சியைப் பிரித்துவிடுங்கள்: தினம் 90 நிமிடமாக நான்கு நாள். விளக்கங்களை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நேரலையைப் பயிற்சிக்கு மட்டும் வையுங்கள்.

"யாராவது சொல்லுங்க" என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மாறாக, "வாடிக்கையாளர் விலை அதிகம்ங்கறார். உங்க பதிலைச் சாட்ல அடிங்க, ஆனா அனுப்பாதீங்க" என்று சொல்லி ஒரு நிமிடம் காத்திருங்கள். "இப்போ அனுப்புங்க" என்றதும் பதில்கள் மளமளவென்று வந்து விழும். அதில் ஒன்றை எடுத்து, எழுதியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மைக்கைத் திறக்கச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது ஏற்கெனவே எழுதியாகிவிட்டதால் தயக்கம் குறையும்.

நடித்துப் பழக, பிரேக்அவுட் அறைக்கு (ஜூமில் எல்லோரையும் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் தனி அறை) மூன்று பேர் போதும்: விற்பவர், வாங்குபவர், கவனிப்பவர். ஐந்து பேர் என்றால் இருவர் ஒதுங்கிவிடுவார்கள். அறைக்குள் போனதும் உங்கள் ஸ்லைடு மறைந்துவிடும். போன் வழியாக வருபவர்களுக்கு இன்னும் சிரமம். அதனால் செய்ய வேண்டியதை முன்பே நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.