நானாகவே பனிச்சறுக்கு பழகினேன், நான்கு வருடமாக அதே இடத்தில் நிற்கிறேன். ஆசிரியர் இல்லாமல் முன்னேற வழி இருக்கிறதா? எத்தனை நாள் ஆகும்?

உங்கள் கேள்வியின் விவரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “சிவப்புக் குறியிட்ட கடினமான சரிவுகூட இறங்கிவிடுவேன், ஆனால் கீழே போய்ச் சேரும்போது தொடை பற்றி எரிகிறது.” சில வருடங்களுக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். உடம்பில் தெம்பு போதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தெம்புக் குறைவு இல்லை, நிற்கும் விதத்தில் உள்ள கோளாறு.

எனக்கும் ஆசிரியர் என்று யாரும் இருந்ததில்லை. முதல் நாள் ஒரு நண்பர், காலில் மாட்டும் பலகைகளான ஸ்கீக்களின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து வேகத்தைக் குறைக்கக் காட்டிக்கொடுத்தார். “அவ்வளவுதான், பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அதற்கப்புறம் ஐந்து குளிர்காலம், வருடத்துக்கு ஒரு வாரம், விழுந்தும் எழுந்தும் கற்றதுதான் எல்லாம். எவ்வளவு செங்குத்தான சரிவில் இறங்குகிறேனோ அவ்வளவு முன்னேறிவிட்டேன் என்பது என் கணக்கு. ஒருமுறை எல்லாவற்றிலும் கடினமான கறுப்புச் சரிவில்கூட இறங்கினேன். பாதி தூரம் ஸ்கீயில், மீதி தூரம் இடுப்பில்.

ஒரு நாள் அதே நண்பர் நான் இறங்குவதைப் போனில் வீடியோ எடுத்தார். பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. மனதுக்குள் நான் பந்தய வீரனைப் போல வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தேன். திரையில் தெரிந்த ஆளோ கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்கார்ந்தபடி, கைகளை இடுப்புக்குப் பின்னால் விட்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் தோளைச் சுழற்றி வீசிக்கொண்டு வந்தார். தானாகப் பழகுகிறவர்களுக்கு உள்ள பெரிய குறை அறிவுக் குறைவோ துணிச்சல் குறைவோ அல்ல. நாம் என்ன செய்கிறோம் என்பது நமக்கே தெரியாது, அதுதான்.

ஆகவே முதல் வேலை வீடியோ. நடுத்தரச் சரிவில் எட்டுப் பத்துத் திருப்பம் போதும். ஒருமுறை கீழேயிருந்து எதிரில் எடுக்கச் சொல்லுங்கள், ஒருமுறை பக்கவாட்டிலிருந்து. எதிரில் எடுத்ததில் இடது வலது வித்தியாசம் தெரியும், பக்கவாட்டில் எடுத்ததில் இடுப்பு குதிகாலுக்குப் பின்னால் போகிறதா என்று தெரியும். போன் பிடிக்க ஆள் இல்லை என்றால் பனியையே கேளுங்கள். காலையில் இயந்திரம் வாரிவிட்டுப் போன சரிவு கோடு கோடாக இருக்கும். அதில் இறங்கிவிட்டு நின்று திரும்பிப் பாருங்கள். இரண்டு மெல்லிய கோடுகள் ஓடியிருந்தால் ஸ்கீ விளிம்பில் நின்று வெட்டியிருக்கிறது. அகலமாகத் தேய்த்துவிட்டது போல இருந்தால் வழுக்கியிருக்கிறது. வழுக்குவது தப்பில்லை, வேகத்தைக் குறைக்க அதுவும் வேண்டும். எங்கே வழுக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்தீர்களா, ஸ்கீ முடிவு செய்ததா என்பதுதான் விஷயம்.

இப்போது அந்தத் தொடைக்கு வருவோம். சரிவைப் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் உடம்பு பின்னுக்குச் சாயும். தரையில் நடக்கும்போது அது சரியான புத்தி. ஸ்கீயில் அப்படிச் சாய்ந்தால் பாரம் ஸ்கீயின் வாலுக்கு, அதாவது பின்முனைக்குப் போய் முன்முனை லேசாகிவிடும், பனியைப் பிடிக்காது, திரும்பாது. திரும்பாததைத் திருப்பத் தோளை வீசுகிறோம். இத்தனை நேரமும் உடம்பு பின்னால் விழாமல் தொடைத்தசைதான் தாங்கிப் பிடித்திருக்கிறது. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், ஒரு நிமிடத்தில் அதே எரிச்சல் வரும். தொடை எரிச்சல், திரும்பாத ஸ்கீ, சுழலும் தோள் என்று மூன்று குறையாகத் தெரிவது ஒன்றேதான்.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் “முன்னால் சாய்.” நான் சாய்ந்தேன், இடுப்பை மடித்து. தலை முன்னால் போனது, பிட்டம் பின்னால் போனது, கூட்டிக் கழித்தால் பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மடிய வேண்டியது கணுக்கால். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பூட்ஸின் நாக்கை இடைவிடாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பாரம் பாதத்தின் நடுவில் இருக்க வேண்டும். எனக்குப் பலித்த சூத்திரம் உடம்பை முன்னால் தள்ளுவது இல்லை, பாதங்களை உடம்புக்கு அடியில் பின்னுக்கு இழுப்பது. இன்னொன்று புரிய எனக்கு நாளாயிற்று: வீட்டுத் தரையில் நிற்பது போல நேராக நிமிர்ந்து நின்றாலே சரிவில் அது பின்சாய்வுதான். சரிவு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு நாமும் அதோடு சாய வேண்டும். ஒவ்வொரு திருப்பத்தின் தொடக்கத்திலும் பள்ளத்தை நோக்கி உடம்பைக் கொடுக்க வேண்டும். மனசு ஒப்பாது. அதனால்தான் இதைச் செங்குத்தான சரிவில் பழக முடியாது.

பயிற்சி சுலபம். மிக எளிய சரிவில், திரும்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னும் சிறிதாகத் தேய்த்துக்கொண்டே போங்கள், வழவழப்பான தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு கால் தேய்ப்பது போல. பின்னால் உட்கார்ந்திருந்தால் இதைச் செய்யவே வராது. அது வந்துவிட்டால், குறுக்காகப் போகும்போது சின்னச் சின்னதாகக் குதித்துப் பாருங்கள். வால் மட்டும் பனியில் ஒட்டிக்கொண்டு முனை எழுந்தால் இன்னும் பின்னால்தான் இருக்கிறீர்கள்.

அடுத்தது வெளி ஸ்கீ. இடப்பக்கம் திரும்பும்போது வலது ஸ்கீ வெளியே இருப்பது. வேகமாக வளையும் பேருந்தில் நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறோமே, அதே விசை இங்கேயும் உண்டு. அதை நீட்டிய வெளிக்காலின் எலும்பு தாங்கினால் சிரமம் இல்லை. தானாகப் பழகியவர்களில் பெரும்பாலோர் பைக் ஓட்டுவது போல மொத்த உடம்பையும் உள்ளே சாய்த்துவிடுவோம். பாரம் உள்காலுக்குப் போகும், வெளி ஸ்கீ தன் பாட்டுக்கு ஓடிப்போகும், பனி கொஞ்சம் இறுகியிருந்தால் உள்பக்கமாகவே சரிந்து விழுவோம். இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை: திருப்பம் முழுவதும் உள் ஸ்கீயின் வாலை மட்டும் பனியிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி வையுங்கள், முனை பனியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். தூக்க முடிந்தால் வெளிக்காலில் நிற்கிறீர்கள். முடியவில்லை என்றால் வெளிக்காலில் நிற்பதாகச் சும்மா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் திரும்பாமல் குறுக்காகப் போகும்போது, பிறகு திருப்பத்தின் முடிவில், கடைசியாகத் தொடக்கத்திலிருந்தே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி யாருக்கும் வராது.

மூன்றாவது, அவசரம். ஒரு பந்தை உருட்டிவிட்டால் எந்த வழியாக ஓடுமோ அதுதான் சரிவின் நேர்க்கோடு. திருப்பத்தின் நடுவில் ஸ்கீ இரண்டும் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணம்தான் பயம். அதைச் சீக்கிரம் தாண்டிவிட வேண்டும் என்று குதிகாலை விசிறி எறிந்து, நிறுத்தி, மறுபடி எறிந்து, இஸட் எழுத்து மாதிரி இறங்குவோம். வேகத்தை பிரேக் போட்டுக் குறைக்காதீர்கள், திருப்பத்தை முடித்துக் குறையுங்கள். ஸ்கீ குறுக்கே வந்து லேசாக மேட்டைப் பார்க்கும்வரை திருப்பத்தை விடாமல் இருந்தால் வேகம் தானாகவே அடங்கும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே திரும்புங்கள், மூன்றுக்கு முன்னால் முடிக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு, குறுக்காக நின்று விளிம்பை விட்டு விட்டுப் பிடித்தபடி நேர் கீழே வழுக்கி இறங்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்களுக்கு நாம் முதல் நாள் ஆள் மாதிரி தெரியும். தெரியட்டும். கணுக்காலுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்புகளைத் தட்டு ஏந்துவது போல இரண்டு கையிலும் கிடையாகப் பிடித்துக்கொண்டு இறங்கினால் தோள் சுழல்வது உடனே தெரிந்துவிடும்.

மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டில் பக்கத்தில் உட்காரும் பெரியவர்கள் சிலர், “முழங்கால் இரண்டையும் ஒட்டி வை, எழுந்து உட்கார்ந்து திரும்பு” என்பார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை, காலம்தான் மாறிவிட்டது. அவர்கள் கற்றது இரண்டு மீட்டர் நீளமும் அதிக வளைவில்லாத பக்கங்களும் கொண்ட ஸ்கீக்களில். ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் 1990களின் முற்பகுதியில் இடுப்பு ஒடுங்கிய, பக்கம் நன்றாக வளைந்த ஸ்கீயைக் கொண்டுவந்தது, அப்புறம் எல்லா நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன. இன்று உலகக் கோப்பையில் ஸ்லாலம் (கம்பங்களுக்கு இடையே வளைந்து இறங்கும் பந்தயம்) ஓடும் ஆண்களுக்கே குறைந்தபட்ச நீளம் 165 செ.மீ.தான். இந்த ஸ்கீயைச் சாய்த்து, மேலே நின்று, பொறுத்திருந்தால் அதுவே வளையும். கால்கள் இடுப்பகலத்துக்கு விலகி இருக்கட்டும். உங்கள் ஸ்கீயில் ஆர் என்ற எழுத்தோடு ஒரு எண் அச்சிட்டிருக்கும், அதுதான் மீட்டரில் வளைவின் ஆரம். வாரிய சரிவில் பழக 13 முதல் 16 வரை இருந்தால் வசதி.

இணையத்தில் பந்தய வீரர்களின் வீடியோவைப் பார்த்து அவர்கள் போலச் சாய முயலாதீர்கள். அந்தச் சாய்வு வேகத்தின் விளைவு. நம் வேகத்தில் அப்படிச் சாய்ந்தால் விழத்தான் செய்வோம்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் முதலில் பார்த்திருக்க வேண்டியது பூட்ஸை. நான் மூன்று குளிர்காலம் ஒரு அளவு பெரிய பூட்ஸில் ஓட்டினேன். வாடகைக்கு எடுத்தபோது சுகமாக இருந்தது, அந்தச் சுகம்தான் வினை. உள்ளே பாதம் ஆடும், ஆடாமலிருக்கக் கொக்கிகளை இறுக்குவேன், கால் மரத்துப்போகும். கணுக்காலை எவ்வளவு மடித்தாலும் அது ஸ்கீக்குப் போய்ச் சேராது. சோதிப்பது எளிது. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல்கள் முன்னால் லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்று முதல் இரண்டு செ.மீ.க்குள் இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் போனால் பெரிது. பூட்ஸில் போட்டிருக்கும் அளவு பாதத்தின் நீளம், செ.மீ. கணக்கில். பெரும்பாலான பூட்ஸில் 26க்கும் 26.5க்கும் ஓடு ஒன்றேதான், ஆகவே அரை அளவு மாற்றிப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும், இரண்டு போடாதீர்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைத்து, விழும்போது விடுவிக்கும் பைண்டிங்கின் விடுபடும் அளவை மட்டும் நீங்களே திருகாதீர்கள். அது எடை, உயரம், வயது, ஓட்டும் விதம், பூட்ஸின் அடிநீளம் எல்லாவற்றையும் பார்த்துக் கடைக்காரர் வைக்க வேண்டியது.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். காலையில் முதல் இரண்டு மூன்று இறக்கம் எளிய சரிவில், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டு. இரண்டு விஷயத்தை ஒன்றாக நினைத்தால் இரண்டும் வராது. அப்புறம் இஷ்டம்போல ஓட்டுங்கள், விடுமுறைக்குத்தானே போகிறோம். மதியத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம், களைத்த உடம்பு பழைய பழக்கத்தையே இன்னும் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளும். மெதுவாகப் பழகும்போது சரிவின் ஓரமாக இருங்கள். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதிப்படி முன்னால் இருப்பவருக்கே முன்னுரிமை, பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். ஆனாலும் புறப்படும்போது மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புறப்படுவது நம் கடமை. இன்னொன்று, பின்னால் உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் பின்னாலேயே விழுவார்கள். அப்படி விழுந்து சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயலாதீர்கள், முழங்கால் ஜவ்வு போவது பல நேரம் அந்த முயற்சியில்தான். முழுதாக நின்ற பிறகு எழுங்கள்.

ஆசிரியர் இல்லாமல் முடியுமா என்பதற்கு: முடியும், நான் பாதி அப்படித்தான் வந்தேன். மீதிக்கு ஆறாவது வருடம் வீம்பை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் ஒருவரை அமர்த்திக்கொண்டேன். “புதிய சரிவு எதுவும் வேண்டாம், என்னிடம் உள்ள மோசமான குறையைச் சொல்லுங்கள்” என்று கேட்டேன். நான்கு திருப்பம் பார்த்தார். “உன் ஸ்கீ முனையையே ஏன் பார்க்கிறாய்? அது எங்கும் ஓடிப்போகாது. இரண்டு திருப்பத்துக்கு அப்பால் பார்” என்றார். இத்தனை வீடியோ பார்த்தும் கண் எங்கே போகிறது என்பதை மட்டும் நான் கவனித்ததே இல்லை.

எத்தனை நாள் ஆகும் என்றால், தொடை எரிச்சல் போக எனக்கு இரண்டு குளிர்காலத்தில் சேர்த்து பன்னிரண்டு நாள் போல ஆயிற்று. வலப்பக்கம் திரும்பும்போது இடது காலை நம்பி நிற்பது மட்டும் இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. போன முறை எடுத்த வீடியோவில், உள் ஸ்கீயின் வால் ஒரு நொடி எழும்புகிறது, உடனே பொத்தென்று பனியில் இறங்கிவிடுகிறது.