பழைய ஜி31, ஜி41 மதர்போட்: கேளுங்கோ, சொல்லுறன்

எல்ஜிஏ 775 சொக்கற் (புரொசசர் இருத்துற இடம்) உள்ள இன்ரெல் ஜி31, ஜி41 மதர்போட்டுகளைப் பற்றிக் கேளுங்கோ. கேக்கிற ஆளின்ர ஊரை முன்னால போடுறன். திருகோணமலையில கனகாலமா இதுகளைத்தான் திருத்துறன். ஒரு விசயம் முதலே சொல்லுறன்: போட்டில கை வைக்க முதல் பவர் வயரைச் சுவரில இருந்து கழற்றுங்கோ, பிறகு பவர் பட்டனைப் பத்துச் செக்கன் அமத்திப் பிடியுங்கோ.

உவர்மலை: அண்ணை, என்ர ஜி31இல 2 ஜிபி றாம் (நினைவகம்) ரெண்டு இருக்கு. 8 ஜிபி ஆக்கலாமா?

ஏலாது. ஜி31க்கு டிடிஆர்2 வகை றாம், 4 ஜிபிதான் உச்சம். ஜி41 எண்டால் 8 வரை போகும். ஆனா டிடிஆர்3 போடுற ஜி41க்கு 4 ஜிபி றாம் வாங்கேக்க ரெண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கா எண்டு எண்ணிப் பாருங்கோ. 8 சிப் மட்டும் உள்ளதை அந்தப் போட் ஏற்காது.

கிண்ணியா: ஒவ்வொரு நாளும் திகதி பழையபடி மாறுது நானா.

பற்றரி முடிஞ்சுது தம்பி. சிஆர்2032, 3 வோல்ற். வயரைக் கழற்றிப்போட்டு மாத்துங்கோ.

நிலாவெளி: கடற்கரையோட எங்கட விடுதி. வரவேற்பில இருக்கிற ஜி41இல ஃபான் சுத்துது, திரையில ஒண்டும் இல்லை, பீப்பும் இல்லை.

முதல்ல புரொசசருக்குப் பக்கத்தில 4 பின் (ஊசி முனை) உள்ள 12 வோல்ற் பிளக் இறுகி இருக்கா பாருங்கோ. அது கழன்டாலும் ஃபான் சுத்தும். பிறகு பீப் ஸ்பீக்கரைக் கொழுவி, றாமை முழுசாக் கழற்றிப்போட்டு ஓன் பண்ணுங்கோ. நீளமாப் பீப் அடிச்சால் புரொசசரும் பயோசும் (போட்டை முதல்ல எழுப்புற மென்பொருள்) உயிரோட இருக்கு, பிழை றாமிலயோ அதைச் செருகுற சிலொட்டிலயோ. அடிக்காட்டி புரொசசரைச் சுத்தி நிக்கிற கெப்பாசிற்றர்களின்ர (சின்ன உருளைகள்) தலையைப் பாருங்கோ. தட்டையா இருக்கோணும்; வீங்கினால் மாத்தோணும், அதே மைக்ரோஃபராட், 105 பாகை வகை.

ஆனா உங்கட இடத்துக்கு நான் முதல்ல தேடுறது உப்பு. வாடைக் காற்று நாளில உப்புத் தூள் உள்ளுக்கு வந்து படியும். ஈரப்பதன் 75 வீதம் தாண்டினா அந்த உப்பே காற்றில இருந்து தண்ணியை இழுத்து, ஒரு பின்னில இருந்து மற்றப் பின்னுக்குக் கரண்ட் கசிய விடும். சிலொட் ஓரத்தில வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் பற்றரித் தண்ணியால, அதாவது காய்ச்சி வடிச்ச தண்ணியால, மெல்லிய பிரசால கழுவுங்கோ. அசிட்டை மாறி வாங்கிப்போடாதேங்கோ.

மட்டிக்களி: ஐயா, மதர்போட்டைத் தண்ணியில கழுவச் சொல்லுறது பிழை. ஐசோபுரப்பைல் அல்ககோல்தான் போடோணும்.

உப்பு அல்ககோலில கரையாது தம்பி. 100 மில்லி தண்ணியில 36 கிராம் அளவுக்குக் கரையும். ஐசோபுரப்பைலில கிட்டத்தட்ட இல்லை. அல்ககோல் உப்பைத் தள்ளி வேற இடத்தில விடும், அவ்வளவுதான். தண்ணியால கழுவின பிறகு அல்ககோல் ஊத்துங்கோ, மிஞ்சின தண்ணியை அது வெளியேற்றும்.

மட்டிக்களி: சிப்புக்குக் கீழ தண்ணி நிக்குமே?

நிக்கும். நீங்கள் சொல்லுறது சரி. அதுக்குத்தான் ரெண்டு நாள் நிழலில, மேசை ஃபானுக்கு முன்னால நிமித்தி வைக்கச் சொல்லுறன். ஹெயார் டிரையர் வேண்டாம், சிலொட் பிளாஸ்ரிக் வளையும். தொழிற்சாலையிலயும் சில வகை ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்டப் பூசுற பசை) போட்ட போட்டுகளைச் சுத்திகரிச்ச தண்ணியாலதான் கழுவுறவை. குழாய்த் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் கூடாது, அதில வேற உப்புக் கிடக்கு.

மூதூர்: ஃபான் சுத்துது, திரை வரேல்லை.

மேல நிலாவெளிக்கு எழுதினதை வாசியுங்கோ.

தம்பலகாமம்: ஃபான் சுத்துது ஆனா...

அதே பதில்தான். மேல முழுசா எழுதியிருக்கிறன், தயவுசெய்து வாசிச்சுப்போட்டுக் கேளுங்கோ. வயரைக் கழற்றுங்கோ.

கந்தளாய்: கோர் 2 டுவோ புரொசசரில வின்டோஸ் 11 போடலாமா?

வேண்டாம். வின்டோஸ் 11இன்ர 24எச்2 பதிப்புக்கு வேணுமான பொப்கவுன்ற் எண்ட கட்டளை அந்தப் புரொசசரில இல்லை. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14ஓட முடிஞ்சுது. ஒரு சாற்றா எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போட்டு லுபுன்ரு எண்ட பாரமில்லாத லினக்ஸை ஏத்துங்கோ. பிள்ளையளின்ர படிப்புக்குப் போதும்.

சீனன்குடா: லப்ரொப் திரை வெடிச்சிட்டுது.

அது என்ர வேலை இல்லை, லப்ரொப் திருத்துற ஆளிட்டக் காட்டுங்கோ.

மட்டிக்களி: சரி ஐயா, செத்த போட் ஒண்டு கிடக்கு, கழுவிப் பாக்கிறன்.

நல்லது. கழுவ முதல் அந்தச் சின்னப் பற்றரியையும் கழற்றுங்கோ. வயரைக் கழற்றினாலும் அதில 3 வோல்ற் நிக்கும், உப்புத் தண்ணி பட்ட இடத்தில செம்புக் கோடு அரிச்சுப் போகும். ரெண்டு நாள் காஞ்ச பிறகு புதுப் பற்றரி போட்டு, றாம் இல்லாமல் முதல்ல ஓன் பண்ணுங்கோ. பீப் கேட்டால் எழுதுங்கோ.